பல்கனித் தவம்

செய்தி வந்தபோது நான் மொன்றியல் சென்ட் லோரன்டில் பேருந்துக்காகக் காத்து நின்றேன். கையில் மருந்துக்கடைப் பை. தொலைபேசியில் நிலானி, எங்கள் தவம் என்கிற தவராசாவின் ஒரே மகள். இங்கே பிறந்தவள். வெளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும், தகப்பனோடு மட்டும் தமிழ் என்று வளர்ந்தவள்.

"மாமா, அப்பா நிண்டிட்டார்" என்றாள்.

"எங்கை பிள்ளை நிக்கிறார்?" என்று கேட்டேன்.

எங்கள் பேச்சில் நிற்பது என்றால் ஓரிடத்தில் இருப்பது. கடையில் நிற்கிறார், வேலையில் நிற்கிறார் என்போம். பனியில் கார் கிளம்பாமல் எங்கோ மாட்டிக்கொண்டார், என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். என்னை ஏன் கூப்பிடச் சொல்லப்போகிறார் என்ற நினைப்பும் உடனே வந்தது. நாங்கள் இருவரும் ஒழுங்காகக் கதைத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

"இல்லை மாமா. நிண்டிட்டார். ஹார்ட். ஹொஸ்பிட்டலிலை சொல்லீட்டினம்."

மெஷின் ஓடாமல் போனால் தவம் சொல்கிற சொல் அது. "நிண்டிட்டுது" என்பார், பிறகு பையைத் திறந்து சாமான்களை எடுப்பார். காலமானார், மோசம் போனார், சிவபதம் அடைந்தார் என்று நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. தகப்பனிடம் படித்த தமிழில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான். என்னுடைய பேருந்து வந்து, கதவைத் திறந்து, நான் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. அடுத்ததும் போனது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நிலானி கேட்டிருக்கிறாள். ஒரு பக்கத்தில் என்னால் முடிக்க முடியாது. அவரைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மொன்றியலில் உங்களில் பாதிப் பேருக்கு அவரைப் 'பல்கனித் தவம்' என்று சொன்னால்தான் தெரியும். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நானும் அவரும் ஒரே மருந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடங்கள் வேலை செய்தோம். நான் மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் பகுதி, அவர் மெஷின் பராமரிப்பு. தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்கு மூடி, சப்பாத்துக்கு மேல் உறை. அந்தக் கோலத்தில் பெற்ற தாய்க்கும் பிள்ளையை அடையாளம் தெரியாது. தவத்தை மட்டும் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும் ஓடித் திரியும் இடத்தில் ஒருவர் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றால், அது அவர்தான்.

ஒருநாள் எங்கள் மெஷின் அட்டைகளைக் கசக்கித் துப்பத் தொடங்கியது. மேற்பார்வையாளர் கியூபெக்காரர், நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் மாதாகோயிலில் இருக்கும் சாமான்களையெல்லாம் சொல்லித் திட்டுவார், இங்கத்தைப் பிரெஞ்சில் அவைதான் கெட்ட வார்த்தைகள். அவர் திட்டிக்கொண்டிருக்க, தவம் வந்து மெஷினை வெறுமனே ஓடவிடச் சொன்னார். ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை மெஷினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மூன்று இடங்களில் அப்படி வைத்துப் பார்த்தார். நாலாவது இடத்தில் கண்ணைத் திறந்து, "உதுக்குள்ளை ஒரு பேரிங் முனகுது" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, மேற்பார்வையாளருக்கு அதைப் பிரெஞ்சில் சொன்னார். கழற்றிப் பார்த்தபோது அதுதான். "மெர்சி, டொக்டர்" என்றார் மேற்பார்வையாளர். அதன்பின் தொழிற்சாலையில் தவம் டொக்டர்தான்.

"முதல் கேக்கோணும் அண்ணை. பேந்துதான் தொடோணும்." இதை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. சொல்லும்போது முகத்தில் பெருமை எதுவும் இருக்காது. சோற்றுக்கு உப்புப் போட வேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொல்வார். இன்னொன்றும் சொல்வார்: "பழுதெண்டு சொல்லாதேங்கோ, களைச்சுப் போச்சுதெண்டு சொல்லுங்கோ." அப்படியானால் இந்த மெஷினுக்கு இரண்டு கிழமை லீவு கொடுத்து ஊருக்கு அனுப்புவோமா என்று நான் சீண்டினேன். அவர் அதை உண்மையாகவே யோசித்தார். "குடுத்தால் நல்லதுதான்" என்றார்.

உங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமலும் இருந்திருப்பீர்கள், ஏனென்றால் அவர் மேடைக்குப் பின்னால் வயர்களுக்கு நடுவில் குந்திக்கொண்டிருப்பார். பிறந்தநாளோ சாமத்திய வீடோ, மைக் கீச்சிடாத விழா நம்மிடம் ஏது? கீச்சிட்டதும் மண்டபம் முழுக்க ஒரே குரல், "தவத்தைக் கூப்பிடுங்கோ." நல்ல உடுப்போடு வந்த மனிதர் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேடைக்குக் கீழே போவார். அவர் வெளியே வரும்போது பந்தி முடிந்து, மேசைக்குக் கடதாசி விரித்தவர்கள் அதைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் சாப்பிட்டாரா என்று யாருக்கும் தோன்றாது. என் மனைவி சரசுவுக்கு மட்டும் தோன்றும்.

மனைவியை இழந்து, சின்னப் பிள்ளையோடு தனியே இருந்த மனிதர் அவர். சரசு கிழமைக்கு ஒருதரம் ஐஸ்கிரீம் வாளியில் கறி போட்டு, அதன் மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, 'தவம்' என்று பேனையால் எழுதி என்னிடம் தந்துவிடுவாள். அவர் வாளியைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருவார். வெறும் வாளியாகத் தரமாட்டார். இரண்டு தோடம்பழம், ஒரு புதிய மின்குமிழ், ஒருமுறை எங்கள் வீட்டுக் கதவுக்கு நல்ல பிணைச்சல் ஒன்று.

சரசுவுக்கு நோய் வந்து, டொக்டர்மார் இனிச் செய்வதற்கில்லை என்று சொன்ன பிறகு, அவள் ஒரு வேலை தொடங்கினாள். மத்தியானத்தில் கட்டிலில் சாய்ந்துகொண்டு கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்தாள். யாருக்கு என்றால் எனக்கு. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர், குளிர் உடுப்பு எந்தப் பெட்டியில், எந்த மருந்தை எதோடு சேர்த்து விழுங்கக்கூடாது, சம்பந்தி வீட்டோடு எதைக் கதைக்கக்கூடாது. முப்பத்திரண்டு வருடங்களில் ஒரு முட்டை பொரித்தறியாத மனிதன் நான். "நான் இல்லாத வீட்டிலை நீங்கள் முழிச்சுக்கொண்டு நிக்கக்கூடாது" என்றாள். அவள் போனபின் பிள்ளைகள் சொல்லித்தர, எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். தொலைபேசியை அழித்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். டிஸ்க்கை மேசை லாச்சியில் வைத்தேன். ஒன்றையும் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை என்பதுதான் உண்மை. சோறு ஒரு வருடமாகக் குழைந்தும் அவியாமலும் இருந்தது.

முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் துணிவு வந்தது. அன்றைக்கு வருகிறவர்களுக்கு அவள் குரலைப் போட்டுக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன். டிஸ்க்கைக் கணினியில் செருகினேன். டிக், டிக் என்றது. சற்று ஓய்ந்து, மறுபடி டிக், டிக். திரையில் எதுவும் வரவில்லை. அஹுன்ட்சிக்கில் தவத்தின் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போகும்வரை அதைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன்.

அவர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

"அண்ணை, இதுக்குள்ளை ஒரு தட்டு சுத்துது. அதுக்கு மேலை ஊசி மாதிரி ஒண்டு ஓடி வாசிக்கோணும். அந்த ஊசிதான் வழி தெரியாமல் முட்டுப்படுது. இதை நாங்கள் தொடக்கூடாது. இதுக்கெண்டு கொம்பனி இருக்கு, அங்கை குடுப்பம்."

"எவ்வளவு நாள் எடுப்பாங்கள்?"

"ஒரு மாசம் எண்டாலும் எடுக்கும்."

"திவசம் வாற வெள்ளி, தவம்."

"திவசம் வருசா வருசம் வரும் அண்ணை. இது ஒண்டுதானே இருக்கு."

நான் கேட்கவில்லை. அவளுடைய குரலை முன்பின் தெரியாதவன் எவனோ காதில் மாட்டிக்கொண்டு கேட்பானே என்றேன். உம்மால் முடியாவிட்டால் சொல்லும், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு வலிக்கும் இடம் எனக்குத் தெரியும், அங்கேயே வைத்தேன். அவர் டிஸ்க்கை மேசையில் ஒரு துவாயின் மேல் வைத்தார். "சரி, பாப்பம்" என்றார்.

மூன்று நாட்கள் பார்த்தார். தொழிற்சாலை வலைத்தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் அதைத் தொட்டார். அடிப்பக்கத்தில் இருந்த சின்னப் பச்சைப் பலகையைக் கழற்றி, அதன் பித்தளைப் புள்ளிகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் பக்குவமாகத் துடைத்தார். அதே இனத்து டிஸ்க் ஒன்றைப் பழைய கணினி ஒன்றிலிருந்து தேடி எடுத்து, அதன் பலகையிலிருந்த பாகங்களை மாற்றிப் பார்த்தார். வீட்டில் சாம்பிராணி போடுவதை நிறுத்தினார், தாளிப்பதையும் நிறுத்தினார். ஊசியும் தட்டும் இருக்கும் மூடியை மட்டும் திறக்க மறுத்துவிட்டார். தூசி ஒன்று விழுந்தால் முடிந்தது என்றார். டிக், டிக் நிற்கவில்லை.

கடைசியாக இருந்தது குளிர்வைத்தியம். டிஸ்க்கைக் குளிரில் வைத்தால் உள்ளே இரும்பு கொஞ்சம் சுருங்கி, சிலவேளை கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்யும், அதற்குள் உள்ளதைப் பிரதி எடுத்துவிடலாம் என்று இணையத்தில் பலர் எழுதியிருந்தார்கள். தவத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன். அவர் பிரீசரைத் திறந்தார். மேல்தட்டில் பாரை மீன், கீழ்த்தட்டில் நண்டும் இறாலும். அவர் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பிரீசரையே பார்த்தபடி நின்றார்.

"அண்ணை, அக்கான்ரை குரல் இதுக்குள்ளை இருக்கு. திவச நேரம். மச்சத்துக்கு நடுவிலை வைக்கிறதே?"

எனக்கும் அது சரியாகப் பட்டது. வெள்ளிக்கிழமை வீட்டில் முட்டைகூட உடைக்கவிடாதவள் அவள். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது நாங்கள் இரண்டு பேரும் பிரீசருக்கு முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டோம். வெளியே தை மாதக் குளிர், பிரீசரைவிடப் பொல்லாதது, அதுவும் சுத்தச் சைவம். தவம் டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வயரை மட்டும் வெளியே விட்டு, பல்கனியில் இருந்த கதிரையில் வைத்தார். கதவை ஒரு விரலளவு திறந்து வயரை உள்ளே எடுத்து, இடைவெளியைத் துவாயால் அடைத்தார். வயர் கட்டை, ஆகவே கணினியைக் கதவோரம் நிலத்தில் வைத்து, நாங்களும் நிலத்தில் இருந்தோம்.

ஒரு மணித்தியாலம் கழித்து மின்சாரம் கொடுத்தார். டிக் கேட்கவில்லை. மெல்லிய இரைச்சல் ஒன்றுதான் கேட்டது. திரையில் பெயர்கள் வந்தன, அவள் வைத்த பெயர்கள்: 'சோறு', 'குளிர் உடுப்பு', 'மருந்து', 'கோபம் வந்தால்'. நான் அந்தக் கடைசிப் பெயரைப் பார்த்து அழுதேன். தவம் என் தோளில் கைவைத்தார். பிரதி எடுக்கத் தொடங்கினார்.

அதன்பிறகு நடந்ததை நான் திவசத்தன்று சாப்பாட்டுக்கு வந்த எல்லோருக்கும் சொன்னேன். தவம் பல்கனியில் வைத்து டிஸ்க்கை விறைக்கப் பண்ணி, பிறகு வீட்டுக்குள் எடுத்து, வெக்கையில் தண்ணீர் பிடித்து, உள்ளே எல்லாம் உரஞ்சிப் பழுதாகிவிட்டது. சரசுவின் குரல் போய்விட்டது. நான் சொல்லும்போது அவர் அங்கேதான், வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். மீனுக்குப் பயந்து பல்கனியில் வைத்த கதையைக் கேட்டு யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பட்டத்தைச் சொன்னார்கள். இரண்டு கிழமையில் அது ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட் வரை போய்விட்டது. அன்று பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, "போட்டு வாறன் அண்ணை" என்றார். அதன்பின் அவர் என் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை, ஏனென்றால் நான் கூப்பிடவில்லை.

மூன்று வருடங்களில் ஒரே ஒருமுறைதான் அவராக என்னிடம் வந்து கதைத்தார். தெருமுனை டெபனர் கடையில் நான் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். "அண்ணை, உங்கடை வீட்டிலை பழைய விழா வீடியோக்கள் ஏதும் கிடக்குதே? ஒருக்கால் தந்தால் பாத்திட்டுத் தருவன்" என்றார். மெலிந்திருந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"உமக்குத் தந்தது காணாதோ?" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் சொன்னது நியாயம் என்பதுபோல் ஆட்டினார். கடைக்காரருக்கு 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

இனி, நான் எங்கும் சொல்லாததைச் சொல்கிறேன்.

பிரதி எடுக்கத் தொடங்கியதும் தவம் என்னிடம் சொன்னார்: "அண்ணை, இதைத் தொடாதேங்கோ. குளிரிலேயே கிடக்கட்டும். அரை மணித்தியாலத்திலை எல்லாம் வந்திடும்." குசினியில் சோறு பொங்கி அடுப்பில் ஊற்றியது. அணைக்கப் போனார். நான் தனியே இருந்தேன். துவாய்க்கு அடியால் காற்று வந்து முழங்கால் விறைத்தது. பல்கனியில் அந்தப் பை காற்றில் அடித்துக்கொண்டது, கதிரையிலிருந்து விழுந்துவிடுமோ என்று பயந்தேன். இந்தப் பயத்தைத்தான் நான் எனக்கே இத்தனை நாளும் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான். கதவைத் திறந்து வெளியே போய், டிஸ்க்கைப் பையோடு தூக்கி உள்ளே கொண்டுவந்து, மடியில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

சோற்று ஆவி வீடு முழுக்க இருந்தது. என் மூக்குக்கண்ணாடி ஒரு நொடியில் வெள்ளையாகிவிட்டது. இந்த ஊரில் குளிருக்குள்ளிருந்து வீட்டுக்குள் வருகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். தவம் குசினி வாசலில் வந்து நின்றார். முதலில் என் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என் மடியைப் பார்த்தார். ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். அதற்குள் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி அந்தச் சத்தம் வந்துவிட்டது. என் வாயில் வந்த முதல் வார்த்தை: "என்ன செய்துபோட்டீர்?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன், மெஷினுக்கு முன்னால் தலையைச் சாய்த்து நிற்கும் பார்வைதான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டு நின்றார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

"என்ரை பிழைதான் அண்ணை" என்றார்.

அதை நான் எடுத்துக்கொண்டேன். கீழே விழுந்த சாமானை யாரோ எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்வதுபோல் வாங்கிக்கொண்டேன். முதல் நாள் வெட்கம். பிறகு ஊருக்குச் சொன்ன கதை என் வாயில் பழகிவிட்டது. பிறகு நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன். தனியே இருக்கும்போது நம்பவில்லை.

தவத்தின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று சாப்பாடு முடிந்து ஆட்கள் போனபிறகு, நிலானி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் வாளியை எடுத்து வைத்தாள். மூடியில் டேப் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. சரசுவின் கையெழுத்தில் 'தவம்'. அந்த ஒரு வாளியை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

உள்ளே டிஸ்க், பஞ்சில் சுற்றியபடி. அதற்குக் கீழே பிரெஞ்சில் சில தாள்கள். அந்த விபத்துக்குப் பிறகு அவர் தானாகவே டிஸ்க்கை மீட்டெடுக்கும் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறார். தட்டின் மேல்பூச்சு சுரண்டுப்பட்டுவிட்டது, எதையும் மீட்க முடியாது என்பது அவர்கள் பதில். கொடுக்கும்போது நிரப்பிய படிவத்தின் பிரதியும் இருந்தது. அதில் ஒரு கட்டத்தை நிலானி விரலால் தொட்டாள்.

"இதிலை, எப்பிடிப் பழுதானதெண்டு கேட்டிருக்கு மாமா. அப்பா எழுதியிருக்கிறார், 'குளிருக்குள்ளை இருந்து நான்தான் உள்ளுக்கு எடுத்தனான்' எண்டு." அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா இப்பிடிப் பிழை விட மாட்டார். எனக்கு ஒருநாளும் விளங்கேல்லை."

ஊரில் யாரும் பார்க்கப்போவதில்லை. என்னையோ சரசுவையோ தெரியாத ஒருவன் வாசித்துவிட்டுக் கோப்பில் போடுகிற தாள். அங்கேயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் நிலானியிடம் சொன்னேன். குசினிக் கதிரையில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தகப்பனைப் போலவே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமே, நீங்கள் எடுத்ததெண்டு?"

"தெரியும் பிள்ளை."

"அப்ப அவர் கோவிக்கேல்லையே. பேந்து ஏன் மாமா நீங்கள் வரேல்லை?"

நான் தாள்களை மடித்து அவளிடம் கொடுத்தேன்.

வாளியின் அடியில் அவருடைய நோட்டுப் புத்தகமும், நூலில் கட்டிய ஒரு யூ.எஸ்.பி.யும் இருந்தன. நோட்டில் உங்களுடைய பெயர்கள் இருந்தன. உங்களில் பலரின் வீட்டுக்கு அவர் வந்திருக்கிறார், பழைய வீடியோ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பல்கனித் தவத்துக்கு இப்போது வீடியோப் பைத்தியம் என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். நம்முடைய விழா வீடியோக்களில் குரல் தேடுவது எவ்வளவு கடினம் என்று நிலானி சொன்னாள். வீடியோ எடுப்பவர்கள் மனிதர் பேசுவதையெல்லாம் அழித்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். அதனால் தவம் எடுத்தவர்களிடமே போய், பாட்டுப் போடாத மூலத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். மணிக்கணக்காகக் காதில் மாட்டிக்கொண்டு, எங்கோ பின்னால், பாத்திரச் சத்தத்துக்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கும் நடுவில், சரசுவின் குரல் வருகிறதா என்று கேட்டிருக்கிறார். டிஸ்க்கிலிருந்து எடுக்க முடியாததை ஊரிலிருந்து எடுத்திருக்கிறார்.

பதினேழு துண்டுகள். எல்லாம் சேர்த்து நாலு நிமிடத்துக்கும் குறைவு. நிலானியின் கணினியில் போட்டுக் கேட்டோம்.

"பிள்ளை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா." ஒரு இருமல். "சொதிக்குத் தேசிக்காய் இறக்கினாப் பிறகு விடு." ஒரு சிரிப்பு, அது அவளுடையதுதான், கடைசியில் மூக்கால் வரும் அந்தச் சத்தத்தோடு. "அவரைக் கேளாதை, அவருக்கு உது ஒண்டும் விளங்காது" என்று ஒரு துண்டில். அந்த 'அவர்' நான்தான், வேறு யார்? நான்கு வருடங்களுக்குப் பிறகு அவள் என்னைப் பழிக்கிறதைக் கேட்டு நான் சிரித்தேன், நிலானியும் சிரித்தாள். சரசு வைத்த 'கோபம் வந்தால்' என்ற பதிவில் என்ன சொன்னாள் என்று எனக்கு இனித் தெரியவராது.

ஒவ்வொரு துண்டுக்கும் வீட்டின் பெயரும் விழாவின் பெயரும் எழுதியிருந்தார். கடைசித் துண்டுக்கு மட்டும் பெயர் இல்லை. படத்தைப் பார்த்ததும் புரோசார்டில் நடந்த ஒரு சாமத்திய வீடு என்று தெரிந்தது. மைக் வேலை செய்யவில்லை. மேடைத்துணிக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கறுப்புச் சப்பாத்து, அவருடையது. பந்தி நடக்கிறது. அந்த மேசையில் நானும் இருக்கிறேன், குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சரசு படத்தில் இல்லை.

இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டத்தை இனிச் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் என்னைச் சொல்லுங்கள், அது எனக்குரியது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை மூன்று. அந்த வாளி, அதற்குள் இனி ஒருபோதும் சுற்றாத அந்த டிஸ்க், பெயர் வைக்காத அந்தக் கடைசித் துண்டு. அவருடைய பெயர் அதில் வருவதால்தான் அதற்குப் பெயர் வைக்கக் கூச்சப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதில் கமராவுக்குப் பின்னாலிருந்து சரசு கேட்கிறாள்:

"தவம் சாப்பிட்டவரோ? ஆராவது கேட்டனீங்களே?"

மண்டபத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. படத்தில் நான் தலை நிமிரக்கூட இல்லை.

கேட்கவில்லை, சரசு. நானும் கேட்கவில்லை.